போனில் கீழே இறங்கிய அண்ணன்

மகனுக்கு ஒன்றரை வயதானபோது திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடையின் மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். இணையப் பக்கங்களை வடிவமைக்கக் கற்றுத் தருவார்கள். என்னைத் தவிர எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். முதல் நாளே என்னை "அக்கா" என்றாள், அதோடு வகுப்பு முழுக்கவே நான் அக்காவாகிவிட்டேன். என் கணவர், "கம்ப்யூட்டர்ல கோலம் போடப் போறியாக்கும்?" என்று கேட்டார். மறுநாள் காலையில் நான் தோசைக்குச் சட்னி அரைக்கவில்லை.

பக்கம் என்றால் எழுதுவது என்று நினைத்துப் போனவள் நான். அங்கே எதைத் தொட்டாலும் பெட்டி. தலைப்பு ஒரு பெட்டி, படம் ஒரு பெட்டி, அவற்றைச் சுற்றி இன்னொரு பெட்டி. ஒவ்வொன்றுக்கும் உள்ளே விடும் இடத்துக்குப் பேடிங் என்று பெயர், வெளியே விடும் இடத்துக்கு மார்ஜின். எது எது என்று பத்து நாள் குழம்பினேன். பிறகுதான் பந்தியை நினைத்துக்கொண்டேன். என் இலை ஓரத்துக்கும் சோற்றுக்கும் நடுவே விடுவது பேடிங், என் இலைக்கும் பக்கத்து இலைக்கும் நடுவே விடுவது மார்ஜின். இதைச் சொன்னபோது அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் அதையே பலகையில் வரைந்து எல்லாருக்கும் பாடம் நடத்தினாள். அக்கா சொன்னது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகட்டும்.

கடைசி மாதம் ஆளுக்கொரு பக்கம் செய்துகாட்ட வேண்டும். பையனுக்குக் காதுகுத்து நெருங்கிக்கொண்டிருந்ததால் நான் அதற்கான அழைப்பிதழையே செய்வதென்று முடிவு செய்தேன். மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, பச்சைக் கரை.

"அக்கா, கண்ணு கூசுது."

"காதுகுத்துன்னா அப்பிடித்தாம்மா இருக்கும்."

அவள் அடுத்த கம்ப்யூட்டருக்குப் போய்விட்டாள்.

நிறம் எளிது, ஆட்களை உட்கார வைப்பதுதான் கஷ்டம். எங்கள் பக்கத்து அழைப்பிதழில் சொந்தக்காரர்கள் படம் இல்லாவிட்டால் அது அழைப்பிதழே இல்லை. யார் மேலே, யார் படம் எத்தனை பெரிசு என்பதில் ஒரு விரற்கடை பிசகினாலும் மூன்று வருஷத்துக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. கணவர் வீட்டில் கூட்டம் அதிகம். அவருடைய அண்ணன், அண்ணி, தம்பிமார், அத்தை, மாமா என்று ஆறு படம். என் பக்கத்தில் அம்மா, அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது சாணார்பட்டியில் தக்காளி போடும் என் அண்ணன் ஒருவர்தான். தாய்மாமன் அவர். பையனை மடியில் வைத்துக்கொண்டால்தான் காதில் ஊசி ஏறும்.

அதனால் தலைப்புக்குக் கீழே பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்தேன். இடது பத்தியில் கணவர் வீட்டார் ஆறு பேர், வலது பத்தியில் அண்ணன் ஒருவரே, ஆறு பேர் உயரத்துக்கு. மேல் விளிம்பு இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் ஒரே மட்டம். அந்த மட்டத்தைக் கொண்டுவர மூன்று நாள் ஆயிற்று. கணவர் லேப்டாப்பில் பார்த்துவிட்டு "சூப்பர்" என்றார், கோலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. "போன்லயும் திறந்து பாத்துருங்கக்கா" என்று அந்தப் பெண் சொன்னாள். சரி சரி என்று சொல்லிவிட்டு, பார்க்காமலேயே சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன் திரை ஒடுக்கம். அதில் இரண்டு பத்தி நிற்காது. இடது பத்தி முழுக்க முதலில் வரும், வலது பத்தி அதற்குக் கீழே போய்விடும். ஊரில் அம்புட்டுப் பேரும் பார்ப்பது போனில்தான். கணவர் வீட்டு ஆறு பேரையும் ஒவ்வொருவராகத் தள்ளித் தள்ளி, அடியில் போட்டிருந்த பந்தல்காரர் விளம்பரத்துக்குச் சற்று மேலேதான் என் அண்ணனைப் பார்க்க முடியும்.

இது எனக்குத் தெரியவந்தது, அண்ணன் போனை எடுக்காமல்போன மூன்றாம் நாள். மதினிதான் எடுத்தார்.

"ஒங்கண்ணன் தோட்டத்துல இருக்காக. போன வச்சிட்டுப் போயிட்டாக."

"வந்தா பேசச் சொல்லுங்க மதினி."

"சொல்றேன்... அந்தப் படத்தப் பாத்ததுலருந்து மொகமே சரியில்லத்தா."

பேசி முடித்ததும் என் போனில் அழைப்பிதழைத் திறந்து பார்த்தேன். காதுகுத்துக்கு இன்னும் எட்டு நாள்தான். அண்ணன் வராவிட்டால் பையனை யார் மடியில் உட்கார வைப்பது? எனக்கென்று அந்தக் கூட்டத்தில் யார் இருக்கிறார்கள்?

வகுப்புக்கு ஓடினேன். அந்தப் பெண் சிரிக்காமல் கேட்டாள். "ஒரே வரிதான்க்கா" என்று சொல்லி, போனில் திறந்தால் எந்தப் பெட்டி முதலில் வர வேண்டும் என்று வரிசை கொடுக்கக் காட்டித் தந்தாள். அண்ணனுக்கு முதலிடம் போட்டேன். கணவரின் அண்ணன் கோபித்துக்கொள்வாரே என்று தோன்றியது. கோபிக்கட்டும், வீட்டில் ஆறு பேர் இருக்கிறார்கள், ஆறுதல் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு, பையனைக் கணவரிடம் விட்டுவிட்டுச் சாணார்பட்டி பஸ் ஏறினேன்.

அண்ணன் தக்காளியைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து "வா" என்றார், அவ்வளவுதான். நான் நின்றபடியே என் போனை நீட்டினேன்.

"ண்ணே, இப்பப் பாரு. நீதான் மொதல்ல. முன்னாடி பெரிய திரையில சரியாத்தான் இருந்துச்சு. போன்ல..."

பேடிங், மார்ஜின், பத்தி என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்ததை எல்லாம் ஒப்பித்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, தன் படத்தை ஒரு தள்ளு தள்ளினார். ஆறு பேரையும் தள்ளினார். பந்தல்காரர் வரை போய்விட்டுத் திரும்ப மேலே வந்தார்.

"நான் கீழ இருந்தா என்னத்தா? மேல இருந்தா என்ன? கீழ இருந்தப்பவே பாத்துட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"பின்ன ஏண்ணே போன எடுக்கல?"

"நீ எங்க இதுல?"

எனக்குப் புரியவில்லை. போனை வாங்கிப் பார்த்தேன். உச்சியில், தலைப்புப் பெட்டியில் பையன் இருந்தான். அவனுக்குக் கீழே என் கணவர், நெற்றியில் சந்தனத்தோடு. அழைப்பவர் என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும். ஒரு மாதம் ஒவ்வொரு பெட்டியாக இழைத்தவளுக்கு, பெற்றவள் படம் வைக்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. "சூப்பர்" என்றவருக்கும் தோன்றவில்லை.

"மூணு நாளா தேடுறேன்த்தா, எங்கயாச்சும் ஓரத்துல இருப்பியான்னு" என்றார் அண்ணன். "எங்க வீட்டுப் புள்ளைக்கு அதுல எடமில்லன்னா, எம்மடிக்கு மட்டும் அங்க என்ன சோலி?"

தக்காளிப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமே இல்லாமல் அழுதேன். அண்ணன் துண்டை உதறி என்னிடம் நீட்டினார்.

"அழுதது போதும், மொகத்தத் தொடச்சிட்டு நிமிந்து உக்காரு. போட்டோ புடிக்கணும்."