அப்பாவின் இடது கன்னம்

என் வலது கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே, மிளகளவில் ஒரு மச்சம் உண்டு. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்திலும் அதே வலது கன்னத்தில் அதே போல ஒன்று. நான் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன அப்பாவைப் பாம்பு கடித்துவிட்டது. அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்த மச்சம் ஒன்றுதான்.

திருவிடைமருதூர் வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைச் சுவரருகே நிறுத்தி ஒத்துப் பார்ப்பார்கள். அப்பனை உரித்து வைத்திருக்கிறது, மச்சம்கூட இடம் மாறவில்லை என்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது. யாரும் இல்லாதபோது முக்காலி போட்டு ஏறி, படத்தின் கண்ணாடியில் மூக்கோடு மூக்கு வைத்து நிற்பேன். இரண்டு மச்சமும் ஒன்றையொன்று தொட வேண்டும் என்று ஆசை. ஆனால் அவருடையது எப்போதும் என் இடது பக்கம் போய்விடும். நான் இன்னும் சின்னவள், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொள்வேன். வளர்ந்தபின் செய்து பார்க்க வெட்கமாகிவிட்டது.

இப்போது அம்மா தஞ்சாவூரில் என்னோடு இருக்கிறாள். படமும் கூடவே வந்தது. போன ஐப்பசி மழையில் சுவரில் ஓதம் ஏறி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது நெற்றியும் ஒரு கண்ணும் கண்ணாடியோடு போய்விட்டன. அம்மா அழவில்லை. தை அமாவாசைக்குப் படையல் போட முகம் வேண்டுமே என்றாள், அவ்வளவுதான்.

நெகட்டிவ் அம்மாவின் பெட்டியில் இருந்தது. அப்பா கல்யாணமான புதிதில் கும்பகோணத்து ஸ்டுடியோ ஒன்றில் எடுத்துக்கொண்ட படம். பதினாறாம் நாள் காரியத்துக்காகச் சித்தப்பா ஓடிப்போய் அவசரமாகப் பிரிண்ட் போட்டு வாங்கியபோது, நெகட்டிவையும் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். பழைய பெரிய கேமராவில் எடுத்தது, என் உள்ளங்கையை விடப் பெரியது. கடையில் கொடுத்தால் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவார்கள். எனக்கு மனம் வரவில்லை. இருட்டறை வேலை எனக்குத் தெரியும். கல்லூரிக் காலத்தில் பிடித்த பைத்தியம், இன்னும் தெளியவில்லை. பட்டப்பகலில் குளியலறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

காண்டாக்ட் பிரிண்டில் வித்தை ஒன்றும் இல்லை. நெகட்டிவின் ஒரு பக்கம் பளபளக்கும், மறுபக்கம் மங்கலாக இருக்கும். மங்கல் பக்கத்தில்தான் படம் பதியும் மருந்து. தாளிலும் ஒரு பக்கம் மருந்து பூசியிருக்கும். இரண்டு மருந்தும் முகத்தோடு முகம் படும்படி வைத்து, மேலே கண்ணாடியை அழுத்தி, சில நொடி விளக்கைப் போட வேண்டும். நெகட்டிவைத் திருப்பி வைத்துவிட்டால் இடம் வலமாகும், படமும் லேசாக மசங்கும்.

சிவப்பு வெளிச்சத்தில், தாளை அமிழ்த்திய ரசாயனத் தட்டுக்குள் அப்பா மெல்ல வந்தார். புருவத்து மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. சுவரில் இருந்தவர் எப்போதும் கொஞ்சம் மசங்கித்தான் இருந்தார், அந்தக் காலத்துப் படம் அப்படித்தான் என்று இருந்துவிட்டோம். பிறகு மச்சத்தைப் பார்த்தேன். அது இடது கன்னத்தில் இருந்தது.

என்னையே திட்டிக்கொண்டு, மருந்துப் பக்கத்தைச் சரிபார்த்து, மறுபடி போட்டேன். மறுபடியும் இடது கன்னம். அப்போதுதான் சட்டைப் பை கண்ணில் பட்டது. எல்லோருக்கும் இருப்பதுபோல இடது மார்பில் இருந்தது. வெளியே வந்து பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் பை வலது மார்பில். இத்தனை வருடம் எத்தனை பேர் பார்த்தோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஸ்டுடியோக்காரர் மேல் வந்த கோபம் சீக்கிரம் அடங்கிவிட்டது. என்னிடம் இருந்த ஒன்றும் போய்விட்டதே என்கிற பயம்தான் அடங்கவில்லை.

அம்மாவிடம் ஈரப் படத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இப்பத்தான் சரியா இருக்காரு" என்றாள்.

அவளுக்குப் பதினாறாம் நாளே தெரியுமாம். அன்றைக்கு யாரிடம் போய்ச் சொல்ல? பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தாளாம். அதற்குள் நான் பிறந்துவிட்டேன்.

"நீ பொறந்தப்ப அந்த வீட்டுல யாரும் ஒன்னைத் தூக்கல. அப்பனை முழுங்கிட்டு வந்துருக்குன்னாங்க. ஒங்க அத்தைதான் மச்சத்தைப் பாத்தாங்க, படத்தைப் பாத்தாங்க. அண்ணனுக்கு இருந்த எடத்துலயே இருக்கேன்னு அள்ளி எடுத்துக்கிட்டாங்க. அதுக்கப்பறம் நான் ஏன் வாயைத் தொறக்கறேன்?"

அத்தை கூடப்பிறந்தவள். எந்தக் கன்னம் என்று அவளுக்கே நினைவில்லை, படம் சொன்னதை நம்பிவிட்டாள். நினைவு வைத்திருந்தது அம்மா ஒருத்திதான். எனக்காக, அதை யாரிடமும் சொல்லாமல், மாறிப்போன முகத்துக்கே தினமும் விளக்கேற்றி வந்திருக்கிறாள். அவளை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்த வயதில் கேட்கக் கூடாததுதான். அப்படியானால் அவரிடமிருந்து எனக்கு எதுவுமே வரவில்லையா என்று கேட்டேன்.

அம்மா படத்தை என் கையில் கொடுத்தாள். "அவரு இருந்து, ஒன்னைத் தூக்கி மூஞ்சியோட மூஞ்சி வச்சிருந்தா, ரெண்டு மச்சமும் ஒரே பக்கம்தான் வந்துருக்கும். எத்தனையோ தடவை நெனச்சுப் பாத்துருக்கேன்" என்றாள்.

படம் இன்னும் காயவில்லை. கெட்டுப்போனால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை முகத்தருகே கொண்டுபோய் மூக்கோடு மூக்கு வைத்தேன். அப்பாவின் மச்சம் என் வலது பக்கம் வந்தது.