எடை பார்த்துச் சுமத்திய நஷ்டம்

எங்கள் பால் ஆலையில் பால் வாங்கிய செலவை, அதிலிருந்து வரும் பொருள்களின் எடை பார்த்துப் பிரிவுகளுக்குப் பங்கிட்டார்கள். வெண்ணெய் எடை குறைவு என்பதால் அதன் பங்கும் குறைவு. வெண்ணெய் எடுத்த பாலைப் பாக்கெட்டில் அடைக்கும் எங்கள் பிரிவின் தலையில்தான் மிச்சச் செலவெல்லாம் விழுந்தது. நஷ்டப் பிரிவு என்று மூடப் பார்த்தார்கள். என்ன அநியாயம்!

கணக்கெழுதும் அக்கா முதலாளியிடம் போனார். "ரெண்டும் ஒரே பால்லேர்ந்துதானே வருது? எது எவ்வளவுக்கு விக்குதோ, அதுக்கேத்த மாதிரி செலவைப் பிரிங்க சார்."

"அப்ப வெண்ணெய்ல லாபம் குறையும். அங்க மேஸ்திரி உங்க வீட்டுக்காரர்தானே? அவர் போனஸ் போயிடும்மா!"

"போகட்டும். திட்டினா காதுல பஞ்சு வச்சுக்கறேன்."

கணக்கு மாறியது, எங்கள் பிரிவு பிழைத்தது. மாலையில் மேஸ்திரியே எங்கள் பிரிவுக்கு வந்தார். "போனஸ்தான் போச்சு, ஒரு டீயாவது வாங்கிக் குடுங்கம்மா!"

அன்றுமுதல் அவர் டீக்குக் காசு கொடுத்ததே இல்லை.