புட்டு மாவுப் பதத்தில் மணல்

மகள் சென்னையில் கல்லூரி விடுதிக்குப் போனபோது எங்களிடம் ஒரு கண்ணாடித் தொட்டியையும் அதற்குள் ஒரு சங்கு நண்டையும் விட்டுப்போனாள். நாய் என்றால் வாலாட்டும், பூனை என்றால் காலைச் சுற்றும். இது காலிச் சங்கை வீடாக்கிக்கொண்டு, நாம் எட்டிப் பார்த்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். இதற்கா இவ்வளவு செல்லம் என்று கேட்டிருக்கிறேன். கிளம்பும்போது அவள் அழுதது எங்களுக்காகவா நண்டுக்காகவா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

அதன் பக்குவத்தை அவளே சொல்லிக் கொடுத்தாள். நிலத்தில் திரிந்தாலும் அது செவுளால் மூச்சு விடுகிற பிராணி, அதனால் தொட்டிக்குள் காற்று ஈரமாகவே இருக்க வேண்டும். மூலையில் ஒட்டிய, ஈரம் காட்டும் மீட்டரில் முள் எண்பதை விட்டு இறங்கக் கூடாது. அடியில் மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்து ஒரு சாண் ஆழத்துக்குப் போட்டிருந்தாள். தோல் உரிக்கும் காலத்தில் நண்டு அதற்குள் புதைந்துகொள்ளுமாம், அதனால் அதுவும் காயக் கூடாது.

என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் பம்ப் வேலை. நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே வெட்ட முடியும். அதே நினைப்பில் இருப்பவருக்கு எங்கே ஈரத்தைக் கண்டாலும் கை பரபரக்கும். குவார்ட்டர்ஸில் சமையலறைக் குழாய் சொட்டினால்கூட ஷிஃப்ட் முடிந்து வந்தவர் சட்டை மாற்றாமல் ஸ்பேனரைத் தேடுவார். பாசத்திலும் அப்படித்தான். தினமும் சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்பார். வேறு பேச்சே கிடையாது. அவள் ஒருநாள் எரிந்து விழுந்தும் அவர் விடவில்லை.

பங்குனி வெயிலில் பண்ருட்டியில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டேன். திரும்பி வந்தால் தொட்டியின் மூடி திறந்து கிடக்கிறது, டேபிள் ஃபேன் அதைப் பார்த்து ஓடுகிறது, மணலுக்குள் ஒரு ட்யூப் செருகியிருக்கிறது. கண்ணாடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருப்பதைப் பார்த்த வீட்டுக்காரர், அடித் தண்ணீரை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டார். மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. நண்டு சங்கிலிருந்து பாதி வெளியே சரிந்து, தொட்டாலும் உள்ளே இழுக்காமல் கிடந்தது.

"ஏங்க, இது மைன்ஸ் இல்லங்க. அதுக்கு மூச்சே அந்த ஈரந்தான்."

அவர் முகம் செத்துவிட்டது. தண்ணீர் நின்றால் ஆபத்து என்றுதான் செய்தேன் என்று முணுமுணுத்தார். எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். மகளுக்குப் பரீட்சை நேரம். நண்டு செத்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வேன்?

அதை ஈரத்துணி விரித்த கிண்ணத்தில் விட்டுவிட்டு மணலைக் கையால் கிளறினேன். கடற்கரையில் மணல் வீடு கட்டுகிற பதம் என்று மகள் சொல்லியிருந்தாள். நான் எங்கே மணல் வீடு கட்டினேன்? ஆனால் கைக்குப் புட்டு மாவு தெரியும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசிறினேன். பிடித்தால் பிடி நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். பதற்றத்தில் ஒரு பக்கம் கூடுதலாக ஊற்றிவிட, அடியில் தேங்கியது. அவரே தயங்கித் தயங்கி ட்யூபோடு வந்து, தேங்கியதை மட்டும் எடுத்தார். அடியில் தண்ணீர் நின்றால் மணல் நாறிவிடும் என்பதும் உண்மைதான். அந்த ஒரு வேலைக்கு அவரை விட்டால் ஆளில்லை. ராத்திரி நண்டைத் திரும்பத் தொட்டிக்குள் விட்டு மூடினேன்.

மறுநாள் காலையில் தொட்டியில் நண்டு இல்லை. மணலில் ஒரு சின்னக் குழி மட்டும் இருந்தது. உரிக்கப் போனதா, சாகப் போனதா தெரியவில்லை. வாரங்கள் போயின. மகள் கேட்கும்போதெல்லாம் மண்ணுக்குள் தூங்குகிறது என்பேன். தோண்டிப் பார்த்துவிடலாம் என்று அவர் கரண்டியோடு வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டேன். உரிக்கிற நேரத்தில் கிளறினால் நிச்சயம் போய்விடும். செத்திருந்தால் நாறும், அவ்வளவுதான் நமக்குத் தெரியும் என்றேன். அன்றிலிருந்து ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் மூடியைத் தூக்கி மோந்து பார்ப்பார். மழை விட்ட மண் வாசனைதான் வந்தது. பிறகு ஸ்ப்ரேயரை எடுத்துத் தண்ணீர் தெளிப்பார். தண்ணீரை உள்ளே விடுகிற வேலை அவருக்கு அப்போதுதான் பழகியது.

ஒரு காலை நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர், ஹாலிலிருந்து மெதுவாக என்னைக் கூப்பிட்டார். மணல் மேலே வந்திருந்தது நண்டு. கால்கள் புதுச் சிவப்பில் மினுங்கின. மகள் வைத்துவிட்டுப் போன பெரிய காலிச் சங்கைச் சுற்றிச் சுற்றி, உள்ளே காலை விட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் அப்போதே மகளுக்குப் போன் போட்டார். நண்டைப் பற்றியும் ஈரத்தைப் பற்றியும் மூச்சுவிடாமல் பேசினார். அவளும் ஏதேதோ கேட்டுக்கொண்டே இருந்தாள் போல, வெகுநேரம் ஓடியது. போனை வைத்தபிறகுதான் பார்த்தேன், சாப்பிட்டியா என்று கேட்க அன்றைக்கு அவர் மறந்தே போயிருந்தார்.