நீராவிக் குழாயின் சக்கரத்தைக் கழற்றிய ஜினாய்தா

வோல்காக் கரையிலிருந்த எங்கள் ஆலையின் செம்புக் கூடத்தில் இருபத்தோரு வருடம் உழைத்தவள் ஜினாய்தா புரோகரவ்னா. நைட்ரைல் என்ற நச்சுத் திரவத்தைத் தண்ணீரோடு சேர்த்து, எங்கள் ஆலையின் சரக்கான அமைடு ஆக்க அங்கே செம்புத்தூளும் நூறு டிகிரிக் கொதிப்பும் வேண்டும். பிறகு செம்பைப் பிரித்தெடுக்க வேண்டும். அவள் நகம் பச்சை, கைக்குட்டை பச்சை. வியர்வையும் பச்சைதான், அவள் தலையணை உறையைப் பார்த்த பிறகே சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் புதுக் கூடம் திறந்தார்கள். அங்கே செம்புக்குப் பதில் பாக்டீரியா. ஆலை வேலிக்குப் பின்னால், தெருநாயும் ஒதுங்கிப் போகும் மண்ணில் கண்டெடுத்தது. அதன் உடம்பிலிருக்கும் நொதி குளிர்ந்த தண்ணீரிலேயே அதே வேலையைச் செய்துவிடும். சூடு மட்டும் ஆகாது. நைட்ரைலையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும். ஜினாய்தாவை அங்கே மாற்றினார்கள். முதல் நாள் பாக்டீரியா வேலை செய்யும் பெரிய இரும்புக் கலத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்றிருந்தது. அரை மணி நேரம் கையை எடுக்கவில்லை.

ஆனால் ஜூலை மாத உற்பத்தித் திட்டம் நிறைவேறாவிட்டால் புதுக் கூடத்தை மூடி, எல்லாரையும் செம்புக்கே அனுப்பிவிடுவேன் என்று தலைமைப் பொறியாளர் ஆர்செனி லுகிச் அறிவித்திருந்தார். மாதத்தின் முதல் இருபது நாள் தேநீர் குடிப்பதும், கடைசிப் பத்து நாள் ஆலையையே பற்றவைப்பதும் எங்கள் வழக்கம். ஜூலை முப்பதாம் தேதி காலை, கடைசிக் கலம் பாதியில் நின்றபோது லுகிச் வந்தார்.

"இன்னும் பாதியா? நீராவியைத் திறந்து விடுங்க. அறுபது டிகிரிக்குக் கொண்டு போங்க."

"திறந்தா நொதி செத்துப் போகும், ஆர்செனி லுகிச்."

"செம்பு செத்துச்சா? சூடு ஏத்தினா வேலை வேகமா நடக்கும். பள்ளிக்கூடப் பாடம் இது."

சோதனைக்கூடத்து ஃபாயினா ஒரு குடுவையை நீட்டினாள். "நேத்தே சூடு பண்ணிப் பார்த்துட்டோம். விட்ட நைட்ரைல் அப்படியே கிடக்கு, மோந்து பாத்துடாதீங்க."

"குடுவை வேற, கலம் வேற," என்றார் லுகிச். "நான் டீசல் கிடங்கு வரைக்கும் போயிட்டு வரேன். வரும்போது ஆவி ஓடணும்."

அவர் தலை மறைந்ததும் ஜினாய்தா திருகுசாவியை எடுத்தாள். நீராவிக் குழாயின் திருகுசக்கரத்தைக் கழற்றித் தன் பையில், வெள்ளரிக்காய்களுக்கு அடியில் போட்டுக்கொண்டாள். லுகிச் திரும்பி வந்து மொட்டைத் தண்டைப் பார்த்தார்.

"சக்கரம் எங்க?"

"எங்கிட்டத்தான் இருக்கு."

"அது அரசாங்கச் சொத்து."

"உள்ள இருக்கறதும் அரசாங்கத்தோடதுதானே? ரெண்டுல எதைக் காப்பாத்தறதுன்னு யோசிச்சேன்."

"விளக்கக் கடிதம் எழுதுங்க. இப்பவே."

தவறு செய்தவர் தன் கையால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும் என்பது எங்கள் ஆலையின் சட்டம். எல்லாரும் 'இனி நடக்காது' என்றுதான் முடிப்பார்கள். ஜினாய்தா நின்றபடியே எழுதினாள்: 'சக்கரத்தைக் கழற்றியது நான்தான். நீராவி கேட்டால் மறுபடியும் கழற்றுவேன்.' லுகிச் அதை இரண்டு முறை படித்தார். வேறு சக்கரம் கேட்டுக் கிடங்குக்கு ஆள் அனுப்பினார். அந்த அளவுச் சக்கரம் கிடங்கில் அறுபத்தேழாம் ஆண்டிலிருந்தே இல்லையாம்.

அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை. கலத்தின் மேல் ஈரச் சாக்குகளைப் போர்த்தி, சூடு பதினைந்து டிகிரியைத் தாண்டாமல் பார்த்து, நைட்ரைலை நூல் கனத்துக்கு விட்டுக்கொண்டே இருந்தாள். ஃபாயினா மணிக்கொரு முறை மாதிரி எடுத்துப் போனாள். மறுநாள் பதினோரு மணிக்கு ஓடி வந்து, "ஒரு துளி நைட்ரைல்கூட மிச்சமில்ல, ஜினாய்தா, எல்லாம் அமைடு," என்றாள். திட்டம் நிறைவேறியது, அந்த ஒரு கலத்தால்தான் நிறைவேறியது.

ஆனாலும் கண்டனம் வந்தது. கூட்டத்தில் எழுந்து குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். அவள் எழுந்தாள்.

"சக்கரத்தை எடுத்தேன், அதுக்குக் கண்டனம் கொடுங்க, வாங்கிக்கறேன். தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்," என்றாள். பிறகு உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தாள். புதுக் கூடத்தை மூடும் பேச்சு அதோடு நின்றது.

செப்டம்பரில் திருத்திய வேலை விதிகளோடு லுகிச்சே வந்தார். 'கலத்தின் சூடு இருபத்தைந்து டிகிரியைத் தாண்டக் கூடாது' என்று புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது.

"படிச்சேன்னு கையெழுத்துப் போடுங்க, ஜினாய்தா புரோகரவ்னா."

அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரியைப் படித்தாள். பேனாவை வாங்கி இருபத்தைந்தை அடித்தாள். மேலே பதினைந்து என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.