நல்ல காலில் வைத்த கல்

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரத்தில், கள்ளக்குறிச்சியில் என்னைப்போல் சந்தோஷப்பட்டவன் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அந்தக் கூத்தாடி நான்தான். சாலையெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள், பஸ் ஒன்றுகூட ஓடவில்லை. ஏரிக்கரை, வண்டிப்பாதை என்று புகுந்து போக எங்கள் குதிரை வண்டிகள்தான் இருந்தன. அதுவரை எங்களைத் திரும்பியும் பார்க்காத சனம் பஸ் நிலையத்துக்கு வெளியே எங்களுக்காகக் காத்து நின்றது.

என் குதிரைக்கோ வலது முன்னங்குளம்பு அழுகியிருந்தது.

குளம்பைத் தூக்கிப் பார்த்தால் அடியில் முக்கோணமாக, ரப்பர்போல் ஒரு பாகம் தெரியும். அதன் இரண்டு பக்கப் பள்ளங்களிலும் சாணியும் மூத்திரமும் அடைந்து கிடந்தால் அழுகிவிடும். தினமும் சுரண்டி, கழுவி, ஈரம் போகத் துடைத்தால் போதும். பத்து நிமிஷ வேலை. அந்த மழைக்காலம் முழுக்க நான் அதைச் செய்யவில்லை. சோம்பல், வேறொன்றுமில்லை. குளம்பின் பின்பக்கம் வெடித்து நீர் கசிந்தது. செத்த எலி நாற்றம் வந்த பிறகுதான் மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனேன். டாக்டர் லாடத்தைக் கழற்றி, அழுகலைச் சீவி, மருந்து வைத்தார். "மூணு வாரம் காய்ஞ்ச தரையில நிக்கட்டும். வண்டியில பூட்டிடாத" என்றார். நாலாம் நாள் மறியல் தொடங்கிவிட்டது.

எங்கள் வண்டிக்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. காலையில் ஒவ்வொரு குதிரையையும் பத்தடி நடக்கவிட்டுப் பார்ப்போம். நொண்டினால் அன்றைக்கு வரிசையில் இடமில்லை. இரக்கமெல்லாம் கிடையாது, ஒரு நொண்டியைப் பார்த்தால் எந்த வண்டியிலும் ஆள் ஏறமாட்டார்கள் என்ற பயம்தான். நானே எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறேன்.

குதிரைத் தரகர்கள் விற்பனைக்குச் செய்யும் ஒரு வேலை எனக்குத் தெரியும். கழற்றிய லாடத்தை வலதுகாலில் திரும்ப அடித்தேன். பிறகு நன்றாயிருந்த இடதுகாலின் லாடத்தை எடுத்து, உள்ளே பட்டாணி அளவு கூழாங்கல் ஒன்றை வைத்து, அதன்மேல் லாடத்தை இறுக்கி ஆணி அடித்தேன். இரண்டு காலும் ஒரே மாதிரி நொந்தால் நொண்டல் தெரியாது. முதல் ஆணிக்கே குதிரை நடுங்கியது. அடித்து முடித்து நடக்கவிட்டேன். அளந்து வைத்த மாதிரி அடியெடுத்து வைத்தது.

ஐந்து நாள் ஓட்டினேன். தியாகதுருகத்துக்குப் போன ஒரு அம்மா, "இன்னா அழகா நடந்துக்கினு போவுதுங்க உங்க குதிர!" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அன்று சிரித்தேன்.

ஆறாம் நாள் ஏரிக்கரைமேல் முன்னங்கால்களை மடித்து உட்கார்ந்துவிட்டது. சாட்டையால் விளாசினேன். வண்டியிலிருந்தவர்கள் இறங்கி, "இன்னாய்யா மனுசன் நீ?" என்று திட்டிவிட்டு நடந்தே போனார்கள். இடதுகால் லாடத்தை நெம்பியதும் சீழ் பீய்ச்சியடித்தது.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் குளம்பில் அழுந்திக் கிடந்த கல்லைப் பார்த்தார்.

"இது எப்படி உள்ள போச்சு?"

"வழியில ஏறிக்கிச்சி போல சார்."

"லாடத்துக்கு உள்பக்கமா?"

அவர் கல்லை நெம்பி எடுத்துப் போட்டார்.

"அழுகுன காலு தேறிடும். நல்லாயிருந்த காலத்தான் கெடுத்து வச்சிருக்க. ஆறு மாசம் வச்சிப் பார்த்தா நடக்கும். வண்டி இழுக்காது."

அதற்குள் மரங்களை அகற்றிவிட்டார்கள், பஸ் ஓடியது. இழுக்காத குதிரைக்கு ஆறு மாதம் யார் புல்லுப் போடுவது? என் கோபமெல்லாம் குதிரைமேல்தான் இருந்தது. கல்வராயன் மலைக்காரர் ஒருவர் கேட்டார், கொடுத்துவிடப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொன்னேன். ஊருக்கு மேற்கே கல்லும் முள்ளுமான கரட்டுப் பக்கம் மெல்ல மெல்ல ஓட்டிப்போக அரைநாள் ஆயிற்று. அங்கே கயிற்றை அவிழ்த்துவிட்டுத் திரும்பினேன்.

பின்னால் சத்தம் கேட்டது. இரண்டு காலையும் நொண்டிக்கொண்டு, அது என் கூடவே வந்தது. நான் எட்டி நடந்தேன். எட்டி நடந்தால் அதனால் வர முடியாது என்று எனக்குத் தெரியும்.