பூட்டிவைத்த யானை எச்சரிக்கை

காந்திபுரத்தில் நாங்கள் மூவர் நடத்தும் சிறிய மென்பொருள் நிறுவனத்தின் வேலை, தோட்டத்துக் கேமராவில் யானை தெரிந்தால் விவசாயியின் செல்போனுக்கு எச்சரிக்கை அனுப்புவது. அதற்கு மாதச் சந்தா. தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு விவசாயி சந்தா கட்டுவார். வரும் எச்சரிக்கையைச் சுற்றியுள்ள தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிடுவார். எங்கள் வியாபாரம் கெடுகிறதே என்று, அப்படி அனுப்ப முடியாதபடி பூட்டியது நான்தான்.

அடுத்த வாரம் அவர் அவிநாசிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். விடியற்காலையில் எச்சரிக்கை வந்தது. வழக்கம்போல் அனுப்பிப் பார்த்தார், போகவில்லை. பதறிப்போய் ஒவ்வொருவராகப் போனில் அழைத்தார். பக்கத்துத் தோட்டத்து சரஸ்வதி அக்கா தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அவர் போனை எடுத்தபோது, யானைக்கும் அவருக்கும் நடுவே நாலைந்து தென்னைகள்தான். மோட்டார் ரூமுக்குள் ஓடித் தப்பினார்.

விஷயம் தெரிந்து மறுநாள் சரஸ்வதி அக்காவை நேரில் பார்க்கப் போனேன்.

“ஏனுங்க தம்பி, ஆனை வருதுன்னு பக்கத்துத் தோட்டத்துக்குச் சொல்றதையுமா பூட்டிப்போடுவீங்க?” என்றார்.

அன்றே அந்தப் பூட்டை நீக்கினேன்.

இப்போது எச்சரிக்கை எல்லோருக்கும் இலவசம். பயிர்ச் சேதத்துக்கு அரசிடம் நிவாரணம் கேட்க உதவும் கேமராப் படங்களுக்கு மட்டுமே சந்தா. எந்த வசதியைப் பூட்டுவதானாலும், பணம் கட்டாதவர் அது கிடைக்காத நேரத்தில் எங்கே நின்றுகொண்டிருப்பார் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.