சித்தப்பா குரலில் ஓர் எச்சரிக்கை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சூடு ஏறினால், குவைத்திலிருந்த சித்தப்பாவின் குரலில் அது கத்தும். இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. சனிக்கிழமை இரண்டு பேரை வீட்டுக்கே கூட்டிவந்து காட்டலாம் என்று பார்த்தால், அன்றைக்கென்று அது வாயைத் திறக்கவில்லை. நான் பொய்க்காரி ஆனதுதான் மிச்சம்.

சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் வேண்டாமென்று ஒதுக்கியவற்றில் உயிர் மிச்சமிருந்த உறுப்புகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி, வீட்டுக்கென்று ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கட்டினார். அதில் மதர்போர்டு மட்டும்தான் புதுசு. அதோடு வந்த சிடியில் ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. திறந்தால் திரையின் ஓரத்தில் பைக் மீட்டர் மாதிரி மூன்று வட்டங்கள் வரும். ஒன்று பிராசஸரின் சூடு, ஒன்று உள்ளே ஃபேன் சுற்றுகிற வேகம், மூன்றாவது மின்சாரத்தின் அளவு. அவற்றுக்குக் கீழே ஒரு பட்டை. அதை வலது பக்கம் தள்ளினால், செய்தவன் குறித்துக்கொடுத்த வேகத்தையும் தாண்டிக் கம்ப்யூட்டர் ஓடும். அதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். சித்தப்பாவுக்கு அதில் ஒரு பைத்தியம்.

எனக்கு அவர் அதை விளக்கியது இன்னும் நினைவிருக்கிறது. "பெண்ணாடம் மில்லுக்குக் கரும்பு ஏத்திகினு போவுதே டிராக்டரு, பாத்திருக்க இல்ல? தாங்கும் தாங்கும்னு ஏத்திகினே போவான். முன் வீலு மேல தூக்கறதுக்கு ஒரு கட்டு முன்னாடி நிறுத்திடணும். அதான் தெறமை."

ஒரு கட்டு முன்னாடி நிறுத்துகிற திறமை சித்தப்பாவுக்கு இருந்ததில்லை. பட்டையைத் தள்ளிக்கொண்டே போவார், திரை அப்படியே உறைந்துவிடும், அவர் என்னைப் பார்த்து அசடு வழிவார். சூடு ஒரு எல்லையைத் தாண்டினால் அலாரம் அடிக்கவும் அந்த சாஃப்ட்வேரில் வழி இருந்தது. முதல்முறை அது கிரீச்சிட்டபோது அம்மா காஸ் கசிகிறது என்று நினைத்து, சமையலறை ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு எங்களைத் தெருவுக்குத் துரத்தினாள். அதற்குப் பிறகுதான் சித்தப்பா அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டு, மைக்கைப் பிடித்துத் தன் குரலையே பதிந்து வைத்தார். "சூடு ஏறுது. போதும், நிறுத்திடுங்க." அவர் பதிகிற நேரத்தில் நான் எதிரில் நின்று முகத்தைக் கோணி வலிப்புக் காட்டினேன். கடைசியில் அவர் அடக்கிக்கொண்ட சிரிப்பும் அதிலேயே பதிந்துவிட்டது.

தை மாதம் அவருக்குக் கல்யாணம். சித்தி கருவேப்பிலங்குறிச்சிக்காரி, பி.காம். முடித்தவள். எதைச் சொன்னாலும் முதலில் தலையை ஆட்டிவிட்டு அப்புறம்தான் யோசிப்பாள். அவள் எங்கள் வீட்டில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று பழகி முடிப்பதற்குள் பங்குனியில் சித்தப்பாவுக்கு விசா வந்துவிட்டது. போகிற அன்று காலையில் பட்டையை இடது பக்கம் பழைய இடத்துக்கே இழுத்துவிட்டார். சித்தியிடம் கம்ப்யூட்டரில் கணக்கெழுதும் டேலி சிடியைக் கொடுத்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார். என்னிடம், "பாப்பா, நீதான் இதுக்குக் காவல். சூடு ஏறாம பாத்துக்க" என்றார். எனக்கு அப்போது பத்து வயது. அந்த வயதில் காவல் வேலை கொடுத்தால் எப்படிப் பார்ப்பேன் என்று அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

சித்திரை பிறந்ததும் மத்தியான நேரங்களில் குரல் கேட்க ஆரம்பித்தது. வெயில் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அப்பா. அவர் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்த்தார். மின்கம்பத்து இன்சுலேட்டர்கள் சுடுகிற சூளை. கம்பெனியிலிருந்து அவர் சட்டையோடு கொஞ்சம் களிமண் தூளும் தினமும் வீட்டுக்கு வரும். எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்கு இப்படித்தான். அந்த வெள்ளைத் தூள் கம்ப்யூட்டருக்குள் போய் ஃபேனின் இறக்கைகளில் அப்பிக்கொண்டது. நான் அப்பாவை வாசலிலேயே மறித்தேன்.

"மேலு கழுவாம உள்ள வராதீங்கப்பா. கம்ப்யூட்டர் எழுவது டிகிரி போயிடுச்சி."

அப்பா செருப்பைக் கழற்றியபடி சிரித்தார். "எழுவதுக்கே இவ்ளோ ஆர்ப்பாட்டமா? எங்க சூளை ஆயிரத்து எரநூறு போவுது. அது ஒரு வார்த்த பேசுதா பாரு."

சித்தி மத்தியானம் டேலி பழகும்போதுதான் பெரும்பாலும் அந்தக் குரல் வரும். அவள் உடனே எழுந்துவிட மாட்டாள். குரல் முடிந்து, அந்தச் சிரிப்பும் முடிந்த பிறகு, "இதோ நிறுத்திடறங்க" என்பாள். கம்ப்யூட்டருக்கு 'ங்க' போட்டுப் பேசுகிறாளே என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனாலும் அணைக்க மாட்டாள். அது இன்னொரு தடவை சொல்லும். அதற்கும் பதில் சொல்வாள்.

இதை இப்படியே விட்டால் காவல்காரிக்கு என்ன மரியாதை? பரீட்சை லீவு விட்டதும் ஒரு நாள் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகடைக் கழற்றினேன். வாட்டர் கலர் பிரஷ்ஷால் ஃபேனின் ஒவ்வொரு இறக்கையையும் துடைத்தேன். சித்திதான் திருகாணிகளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டாள். அப்பா கொண்டுவந்து போட்டிருந்த, ஓரம் உடைந்த பீங்கான் கட்டைகள் நான்கை அடியில் முட்டுக்கொடுத்து, காற்றுப் போக வழி செய்தேன். மறுபடி போட்டபோது சூடு நாற்பதைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிட்டது. உச்சி வெயிலிலும் அதற்கு மேல் நகரவில்லை.

"இனிமே சத்தம் போடாதா?" என்று சித்தி கேட்டாள்.

"போடவே போடாது சித்தி."

"அப்படியா" என்றாள். திருகாணிகளை என் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். பாராட்டுவாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டே பேச்சுவாக்கில் கேட்பவள் மாதிரி, "பாப்பா, அவுங்க வேகம் ஏத்துவாங்களே ஒரு பட்டை, அத ஏத்தனா சூடாவுமா?" என்றாள்.

"ஐயோ, அதத் தொடவே கூடாது! போர்டே போயிடும்."

அவள் தலையை ஆட்டினாள். அடுத்த நாள் மறுபடி வந்தாள். "அந்த எச்சரிக்க நெஜமாவே வேல செய்யுதான்னு தெரிய வேணாமா? ரிப்பேராயிருந்தா நமக்கு எப்படித் தெரியும்?"

கேள்வி நியாயமாகப் பட்டது. பட்டையைத் தொடாமலே சோதிக்க எனக்கு ஒரு வழி தெரியும். அலாரம் அடிக்க வேண்டிய எல்லை எழுபது என்று குறித்திருந்தது. அதை முப்பதாக்கினேன். கம்ப்யூட்டரோ எப்போதும் நாற்பதுக்கு மேல்தான். எனவே உடனே குரல் வந்தது. சூடு ஏறுது, போதும், நிறுத்திடுங்க, பிறகு அந்தச் சிரிப்பு. சித்தி என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "என்னா பண்ண? எத மாத்துன?" என்று கேட்டு, அந்த இடத்தைத் தன் விரலால் ஒருமுறை தொட்டுக் காட்டி உறுதி செய்துகொண்டாள். நான் பெருமையோடு விளக்கிவிட்டு, எல்லையை மறுபடி எழுபதுக்கே கொண்டுவந்து வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் பார்த்தால் அது முப்பதில் இருந்தது. நான் எழுபதாக்கினேன். அதற்கடுத்த நாள் மறுபடி முப்பது. சாஃப்ட்வேரில் வைரஸ் புகுந்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். லீவு முழுக்க எனக்கும் அந்த வைரஸுக்கும் சண்டை. நான் விளையாடிவிட்டு வந்து ஏற்றி வைப்பேன், அது மத்தியானத்துக்குள் இறக்கிவிடும். வீட்டில் மத்தியானம் விழித்திருப்பது யார் என்று பத்து வயதுக்காரிக்குக் கொஞ்சமாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அந்தக் குரல், கம்ப்யூட்டரின் ஏதோ ஒரு மூலையில் தனிக் கோப்பாக இருந்திருக்கும். அதை நேராகத் தட்டினாலே கேட்டிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தெரியாது. இப்போது என் கணவர் வேலையாக வெளியூர் போயிருக்கும் நாட்களில், அவர் அனுப்பிய குரல் செய்தியை விஷயம் தெரிந்த பிறகும் இரண்டாம் முறை கேட்கிறேன். பால் வாங்கி வைக்கச் சொல்லும் செய்தியாகத்தான் இருக்கும். எனக்கு அதற்கு எந்தச் சாஃப்ட்வேரையும் ஏமாற்ற வேண்டியதில்லை.

சித்தப்பா வெள்ளிக்கிழமைகளில் பேசுவார். வீட்டுக்கு ஒரே செல்போன், அது அப்பாவுடையது. கூடத்தில் ஸ்பீக்கரைப் போட்டு, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பேசுவோம். அப்பா கம்பெனிக் கதை சொல்வார், அம்மா அங்கே அரிசி கிடைக்கிறதா என்று கேட்பாள். எல்லாம் முடிந்து, அவருடைய போன் கார்டில் காசு தீரப்போகிற நேரத்தில், "இந்தா, நீ பேசு" என்று சித்தியிடம் தள்ளுவார்கள். அத்தனை பேரும் அவள் வாயையே பார்ப்போம். "நல்லா இருக்கங்க. நீங்க?" என்பாள். அதற்குள் கட்டாகிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் போனைப் பிடுங்கி முறையிட்டேன். "சித்தப்பா, உங்க சாஃப்ட்வேரு கெட்டுப்போச்சி. சூடே இல்லாம கத்திகினு இருக்குது. தெனம் தானா முப்பதுக்கு எறங்கிடுது."

சித்தி சட்டென்று எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். சித்தப்பா, "அப்படியெல்லாம் தானா எறங்காதே. இருக்கட்டும், லீவுல வந்து பாக்கறன்" என்றார்.

அடுத்த வருஷம் ஒரு மாத லீவில் வந்தார். ஆள் கறுத்து, கன்னம் ஒட்டியிருந்தது. வந்த மறுநாள் நான் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தேன். ஃபேனை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறேன் பாருங்கள் என்று காட்டிவிட்டு கம்ப்யூட்டரைப் போட்டேன். எல்லை முப்பதில்தான் இருந்தது. குரல் வந்தது.

"சூடு ஏறுது. போதும், நிறுத்திடுங்க."

தோட்டத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த சித்தி, பழக்கத்தில், அங்கிருந்தே பதில் கொடுத்தாள். "இதோ நிறுத்திடறங்க. இன்னும் ஒரு வாட்டி சொல்லுங்க, நிறுத்திடறன்."

சொல்லிவிட்டு, வீட்டில் யார் இருக்கிறார் என்பது அப்போதுதான் உறைக்க, ஈரக்கையோடு ஓடிவந்து நிலைப்படியில் நின்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "சித்தி, அது கம்ப்யூட்டரு! சித்தப்பா இங்க ஒக்காந்திருக்காரு!" வேறு யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா திரையில் இருந்த முப்பதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"சொன்னன் இல்ல, கெட்டுப்போச்சின்னு" என்றேன்.

"ஆமா பாப்பா" என்றார். "நீ போயி வெளாடு, நான் சரி பண்றன்."

அந்த ஒரு மாதத்தில் அவர் பட்டையைத் தொடவே இல்லை. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மட்டும் மைக்கை எடுத்துக்கொண்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். வலிப்புக் காட்டவாவது உள்ளே விடச் சொல்லித் தட்டிப்பார்த்தேன். திறக்கவில்லை.

அவர் போன பிறகு, பள்ளிக்கூடம் விட்டு வந்து, சாஃப்ட்வேர் சரியாகிவிட்டதா என்று பார்க்க உட்கார்ந்தேன். எல்லை அப்போதும் முப்பதுதான். சித்தப்பாவே பார்த்த பிறகும் சரியாகவில்லையே என்று யோசிப்பதற்குள் குரல் வந்தது. பழைய வார்த்தைகள் இல்லை.

"சாப்டியா? மொதல்ல போயி சாப்டுட்டு வந்து ஒக்காரு."

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் அந்தச் சிரிப்பும் இல்லை. எச்சரிக்கை என்றால் இப்படியா இருக்கும் என்று குழம்பினேன். ஆனால் கேள்வி யாருக்கு என்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் வரவில்லை. கம்ப்யூட்டருக்குக் காவல் நான்தானே.

"சாப்ட்டன் சித்தப்பா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். திரும்பினால் சித்தி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என் பின்னலைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

அதற்கடுத்த லீவுக்கு அவர் வரும்வரை, சாயங்காலமானால், அவளுக்கு வந்த கேள்விக்கு நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் அவள் என்னைத் திருத்தவில்லை.